தப்பு எங்கன்னு ஒரு கோடு போட்டுக் காட்டுங்க: இங்கிலீஷ் கோர்ஸ் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலீஷ் கோர்ஸ் நடத்துறவங்களுக்கும், அதுக்கு சிலபஸ் போடுறவங்களுக்கும், எங்க பேப்பரைத் திருத்துறதா சொல்லிக்கிறவங்களுக்கும் வணக்கம்.

போன வாரம் ரைட்டிங் அசைன்மென்ட் ரிசல்ட் வந்துச்சு. அதுல இருந்து எங்க பேட்ச் குரூப்ல நடக்கிற கூத்து உங்களுக்கே தெரியும், உங்க ஆளும் அந்த குரூப்லதானே இருக்கார். எல்லாருக்கும் ஒரு மார்க், கீழ ஒரே ஒரு வரி, "கிராமரில் இன்னும் கவனம் தேவை". எந்த வரியில தேவை, எந்த வார்த்தையில தேவை, அதெல்லாம் கிடையாது. பக்கம் முழுக்க எழுதிக் குடுத்தது ஒரு கீறல் கூட இல்லாம சுத்தமா திரும்பி வந்திருக்கு, மார்க் மட்டும் பாதிதான்.

எங்க பேட்ச்ல ஒரு அக்கா இருக்காங்க. பகல்ல வேலை, ராத்திரி பிள்ளைங்க தூங்கினப்புறம்தான் அவங்களுக்குப் படிப்பு. அவங்க தன் பேப்பரோட முதல் பாராவை போட்டோ எடுத்துப் போட்டு, இதுல எது தப்புன்னு யாராச்சும் சொல்லுங்கன்னு கேட்டாங்க. ஒருத்தர் 'ஸ்கூல்' முன்னாடி 'த' போடணும்னார், இன்னொருத்தர் போட்டாதான் தப்புன்னார், மூணாவது ஆள் வந்து கமா எங்கன்னு கேட்டுட்டுப் போனார். அதே பாராவுல 'ஐ ஹேவ் மெட் மை டீச்சர் எஸ்டர்டே'ன்னு ஒரு வரி, அதை மட்டும் ரெண்டு பேர் சூப்பரா இருக்குன்னு பாராட்டினாங்க. அப்புறம் நான் ஒரு கிராமர் புக்கை எடுத்து உக்காந்து தேடினா, தப்பே அந்த வரிதான்! எஸ்டர்டேன்னு முடிஞ்சுபோன நேரத்தைச் சொல்லிட்டா அங்க 'ஹேவ் மெட்'ங்கிற ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட் வராது, 'ஐ மெட்'னு விட்டுடணும். ஒரு நிமிஷ வேலை இது. கடைசியில உங்க சார் குரூப்புக்கு வந்தார், அந்த போட்டோவுக்கு ஒரு தம்ஸ் அப் போட்டார், போயிட்டார். அந்த தம்ஸ் அப் எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் விளங்கல.

நாங்க கேக்குறது ஒண்ணுதான். தப்பு எங்கன்னு கோடு போட்டுக் காட்டுங்க.

தானா கண்டுபிடிச்சுக்கணும்னு சொல்வீங்க, சொல்லியும் இருக்கீங்க. எப்படிங்க? தமிழ்ல 'அ', 'த' மாதிரி பேர்ச்சொல்லுக்கு முன்னாடி போடுற ஆர்ட்டிக்கிள்ங்கிற சமாச்சாரமே இல்ல, 'த' விட்டுப்போனா எங்க காதுக்கு உறுத்தாது. ரூம்ல, சுவத்துல, பஸ் ஸ்டாப்ல, எல்லாத்துக்கும் நமக்கு ஒரே 'ல' போதும், அங்க போனா ரூமுக்கு இன், சுவத்துக்கு ஆன், பஸ் ஸ்டாப்புக்கு அட். ரூல் தெரியாம இல்ல, டெஸ்ட்ல கோடிட்ட இடம் குடுத்தா சரியா நிரப்புறோம். சொந்தமா நாலு வரி எழுதும்போதுதான் வழுக்குது, வழுக்கின இடம் எங்க கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தானே தெரிஞ்ச ஆள்னு உங்ககிட்ட வந்தோம்.

கிராமர் செக்கர்ல போட்டுப் பாருங்கன்னு ஒரு பதில் வரும். போட்டோம். அது பாராவையே புதுசா எழுதிக் குடுக்குது, வாசிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அடுத்த தடவை அதே தப்பை அதே இடத்துல திரும்பப் பண்றோம்.

இன்னொரு பதிலும் இருக்கு, படிச்சவங்க சொல்றது. 1996ல ஜான் ட்ரஸ்காட்னு ஒரு மொழி ஆராய்ச்சியாளர், மாணவர் எழுத்துல கிராமரைத் திருத்துறதால பிரயோஜனம் இல்ல, அதைக் கைவிடணும்னு வாதாடினார், 1999ல டானா ஃபெரிஸ்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் அதை மறுத்து எழுதினாங்க, அந்தச் சண்டை அப்புறமும் ஓயல. நீங்க ட்ரஸ்காட் கட்சின்னா தாராளமா இருங்க, ஆனா அப்ப கிராமருக்கு மார்க் வெட்டாதீங்க. வெட்டுவேன் ஆனா காட்ட மாட்டேன்னா அது எந்தக் கட்சி?

வொகாபுலரி கதை தனி. தினமும் 50 வார்த்தை, அதுவும் அகர வரிசையில! அபேஸ், அபேட், அபெட், அப்ஹார்னு ஒரே சத்தத்துல ஒரே நாள்ல கொட்டினா சாயங்காலத்துக்குள்ள எது எதுன்னு குழம்பாம என்ன செய்யும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு வார்த்தைல தமிழ் அர்த்தம், அவ்வளவுதான், ஒரு வாக்கியம் கூட கிடையாது. அடிக்கடி வர்ற வார்த்தைகளை முதல்ல படிச்சாப் போதும்னு இங்கிலீஷ் கத்துக்குடுக்கிறதை ஆராய்ஞ்ச மைக்கேல் வெஸ்ட் 1953லயே சுமார் 2000 வார்த்தைக்கு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்துட்டார், சாதாரணமா எழுதுற இங்கிலீஷ்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் அதுக்குள்ள அடங்கிடும். அந்த வார்த்தையெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு, ஆனா எது எதோட சேரும்னு தெரியல. 'டிசிஷன்' தெரியும், அதை 'மேக்' பண்ணணுமா 'டூ' பண்ணணுமா? மழைக்கு 'ஹெவி', காத்துக்கு 'ஸ்ட்ராங்', மாத்திப் போட்டா என்ன ஆகும்? எழுதிப் பாத்து, யாராச்சும் கோடு போட்டாத்தானே தெரியும். அப்ஹார் தெரிஞ்சு நான் யாரை வெறுக்கப்போறேன்? (சரி, அந்த லிஸ்டைப் போட்டவரை வேணா.)

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன், தப்பைச் சுட்டிக்காட்டத் தெரியாதவங்க இல்ல நீங்க. ஃபீஸ் ஒரு நாள் தள்ளிப்போனா எந்தத் தவணை, எவ்வளவு பாக்கி, என்னைக்குள்ள கட்டணும்னு புள்ளி பிசகாம மெசேஜ் வருது, சிவப்பு எழுத்துல, முக்கியமான இடத்துல அடிக்கோடு வேற. அந்த மெசேஜ் அனுப்புறவரை எங்க பேப்பர் பக்கம் மாத்திவிட முடியுமான்னு பாருங்க.

கோவத்துல கொஞ்சம் ஓவரா போயிட்டேன், மன்னிக்கணும். உங்களுக்கும் ஆள் பத்தாது, ஒரு பேட்சுக்கு இத்தனை பேப்பர் வந்தா யாரா இருந்தாலும் திணறுவாங்க, புரியுது. அதனால எல்லாத் தப்பையும் காட்டச் சொல்லல. பேப்பருக்கு ரெண்டே ரெண்டு இடம், திரும்பத் திரும்ப வர்ற தப்பா பாத்து ஒரு கோடு போடுங்க. சரியான விடையைக் கூட எழுத வேண்டாம், கோடு இருந்தா மீதியை நாங்க தேடிக்கிறோம், திருத்தி எழுதி அனுப்பினா இன்னொரு தடவை பாத்தாப் போதும். அதுக்கு நேரம் வேணும்னா 50 வார்த்தையைப் பத்தாக் குறைங்க, எங்க பேட்ச்ல யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. மார்க் போட நேரம் இல்லன்னா மார்க்கையும் விட்டுடுங்க.

அடுத்த அசைன்மென்ட்ல இருந்தே ஆரம்பிச்சா ரொம்ப உதவியா இருக்கும், தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
உங்க ஈவ்னிங் பேட்ச்ல ஒருத்தன்