தியானத்துக்குப் போய்வந்த மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பிப்ரவரி 11 லூர்து அன்னை திருவிழாவுக்கு நீ வரவில்லை. பெரம்பூரில் பார்த்தவர்கள் எல்லாரும் உன்னைத்தான் விசாரித்தார்கள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்தேன்.

சாம்பல் புதன் மட்டுமல்லாமல் எல்லா வெள்ளிக்கிழமையும், ஒருவேளை மட்டும் முழுதாகச் சாப்பிட்டு, ஒருசந்தி இருப்பதாகத் தம்பியிடம் சொன்னாயாமே. திருச்சபை 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு ஒருசந்தியைக் கடமையாக்கியிருப்பது சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டே நாட்களுக்கு. மற்ற வெள்ளிகளில் இறைச்சியை விட்டால் போதும். அறுபதைத் தாண்டிய நீங்கள் மட்டும் இருக்கலாமா என்று கேட்பாய். நான் பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவன். நீ இரவெல்லாம் நோயாளிகளுக்கு ஊசி போடுகிறவள். உன் கை நடுங்கினால் அவர்கள் என்ன ஆவார்கள்? வேளைக்குச் சாப்பிடு.

தியானம் முடித்து வந்ததிலிருந்தே நீ அதிகம் பேசவில்லை. டெல்லிக்குக் கிளம்பும்போது சங்கிலியையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாய். ரயிலில் திருட்டு பயம் என்றாய். அம்மா நம்பினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

புளியந்தோப்புச் சித்தியை நினைத்துப் பார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்குப் பீத்துணி மாற்றி, உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் லாரித் தண்ணீருக்குக் குடம் வைக்கப் போகிறாள். அந்த வரிசையில் நின்றபடியே ஜெபமாலை சொல்கிறாள். அந்த மாமியார் அவளை என்ன பாடு படுத்தினார் என்று உனக்கே தெரியும். அவளை யாரும் பீடத்துக்கு அழைத்து மாலை போடப் போவதில்லை. இருந்தாலும் அது பலிதான் மகளே. உன் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் காணிக்கைக்கென்று பிடி அரிசி எடுத்து டப்பாவில் போடுகிறாளே, மாதக் கடைசியில் வீட்டு அரிசியே தட்டும்போதும் அவள் அதில் கை வைத்ததில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் தெருவே தெரியாதபோது, மாற்று உடையைத் தலையில் வைத்துக்கொண்டு நீ டூட்டிக்குப் போனாய். வேண்டாம் என்று கத்தினேன். 'வார்டில் ஆள் இல்லை அப்பா' என்றாய். அன்றைக்கு என் வயிறு கலங்கியது. ஆனாலும் உன்னைப் பெற்றதற்கு அப்படிப் பெருமைப்பட்ட நாள் வேறில்லை. அதைவிட எந்தக் காணிக்கையை ஆண்டவர் உன்னிடம் கேட்கப்போகிறார்?

அவரே ஏறக்குறைய முப்பது வயது வரை வீட்டிலும் தச்சு வேலையிலும்தான் இருந்தார். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பர்னிஷிங் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுவதும் எனக்கு அது பெரிய ஆறுதல். குழந்தை இயேசுவின் தெரேசம்மாளுடைய பெற்றோர் லூயி, செலி இருவரையும் 2015இல் புனிதர்களாக உயர்த்தினார்கள். லூயி கடிகாரம் செய்தவர். அம்மாள் சரிகைப் பின்னல் வேலை செய்தவர். இருவருமே இளவயதில் துறவறம் போக விரும்பி, அங்கே சேர்த்துக்கொள்ளப்படாதவர்கள். குடும்பத்தில் இருந்தே, ஒன்பது பிள்ளைகளில் நால்வரைச் சிறுவயதில் பறிகொடுத்தே புனிதரானார்கள். மிஞ்சிய ஐந்து பெண்களும் எங்கே போனார்கள் என்று நீ திருப்பிக் கேட்பாய். கன்னியர் மடத்துக்குத்தான் என்று எனக்கும் தெரியும்.

சாப்பாட்டை விடாதே. எதிலும் அவசரப்படாதே. யாராவது எதிலாவது கையெழுத்துப் போடச் சொன்னால் பொறுத்துப் போடு.

குருத்து ஞாயிறுக்குள் வந்துவிடும்படி தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடு; பணம் அனுப்புகிறேன். நாம் இருவரும் ஒரு நாள் தனியாகப் பேசலாம். நான் கோபப்பட மாட்டேன், அம்மாவையும் அழ விட மாட்டேன். நீ என்ன நினைத்திருந்தாலும் அதை உன் வாயால் எங்களிடம் முதலில் சொல். பங்குச் சாமியார் வந்து எனக்குச் சொல்லும்படி வைத்துவிடாதே.

ஜெபத்துடன்,
அப்பா