வினாத்தாளை ஏன் மூடி வைக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டில் மருத்துவம் படித்து வருபவர்கள் எழுதும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வையே எடுத்துவிட வேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலூர் மாவட்டத்தின் ஒடுகத்தூர், அணைக்கட்டு ஊர்களிலிருந்து ராத்திரியில் பாம்புக்கடி என்று தூக்கி வருவார்கள். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வீக்கம் இருக்காது, வலிகூடப் பெரிதாகத் தெரியாது. கண் இமை தொங்க ஆரம்பிக்கும். அதைப் பார்த்ததும் புரிந்துகொள்ளாதவர் எந்த நாட்டில் படித்திருந்தாலும் டியூட்டியில் உட்காரக் கூடாது. தேர்வு கடினமாகவே இருக்கட்டும்.

என் ஆதங்கம் வேறு. 300 கேள்விகள், 150 எடுத்தால் தேர்ச்சி. 2025 ஜூன் பருவத் தேர்வை எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. அப்படிப்பட்ட தேர்வின் வினாத்தாளையோ விடைகளையோ தேசியத் தேர்வு வாரியம் வெளியிடுவதில்லை. எழுதியவர்களும் கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது. பிலிப்பைன்ஸில் படித்த என் தங்கை மகள் 143 வாங்கினாள். சறுக்கியது மகப்பேறிலா, மருந்தியலிலா என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாப் புத்தகங்களையும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறாள். இதில் லாபம் கோச்சிங் சென்டர்களுக்குத்தான். எழுதி வந்தவர்களின் ஞாபகத்திலிருந்து கேள்விகளைத் திரட்டி 'ரீகால்' என்று கொடுக்கிறார்கள். அதிலுள்ள விடை சரிதானா என்று யார் சொல்வது?

தோற்றவர்களை விடுங்கள். 155 வாங்கித் தேறியவருக்கும் 145 கேள்விகள் கைவிட்டுப் போயிருக்கின்றனவே! அதில் கட்டுவிரியனும் ஒன்றாக இருந்தால்? பயிற்சி மருத்துவராக அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை வார்டுக்கு வரும்போதும் தான் நினைத்ததே சரி என்றுதானே இருப்பார்? எனக்குப் பெரிய பயம் இதுதான்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதும் குடியாத்தம் பிள்ளைக்கு உத்தேச விடைகள் வருகின்றன. ஆட்சேபம் சொல்ல அவகாசமும் தருகிறார்கள். வி.ஏ.ஓ. வேலைக்கு உள்ள இந்த வசதி நாளைக்கு நம் நாடி பிடிக்கப்போகிறவருக்கு ஏன் இல்லை? சரி, நல்ல கேள்விகளை வாரியம் மறுபடி பயன்படுத்த வேண்டும் என்றால் முழுத் தாளைத் தர வேண்டாம். எந்தப் பாடத்தில் எத்தனை சரி, எந்தத் தலைப்புகளில் தப்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாளாவது அனுப்பலாமே. தேறியவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

வேலூர், அரக்கோணம் எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும். அடுத்த தேர்வுக்குள் பாடவாரி மதிப்பெண்ணையாவது வாங்கித் தர வேண்டும்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
குடியாத்தம்.