சன்ஸ்கிரீனுக்குத் தடை போட்ட எங்கள் கால்பந்து கிளப்புக்கு ஒரு திறந்த மடல்

கோச் சாருக்கும் கிளப் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

போன வாரம் குரூப்பில் நீங்கள் போட்ட வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். இனிமேல் பிள்ளைகள் யாரும் சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டு கிரவுண்டுக்கு வரக்கூடாது, அது வெறும் கெமிக்கல், ஜெர்சியும் பாழாகிறது என்று. ஜெர்சி பாழானது உண்மைதான். என் மகளின் வெள்ளை ஜெர்சியில் காலர் முழுக்கத் துருக்கறை மாதிரி ஆகிவிட்டது, ப்ளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டேன், கறை இன்னும் அழுத்தமாக ஏறிக்கொண்டது.

நான் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறவள். டியூபைத் திருப்பிப் பார்த்தேன், அவோபென்சோன் என்று போட்டிருந்தது. அதுவும் தண்ணீரில் இருக்கிற இரும்பும் சேர்ந்தால் இந்த நிறம் வரும். வியாசர்பாடியில் பாதி வீட்டில் போர் தண்ணீர்தான், பிடித்து வைத்த குடத்தின் அடியில் மஞ்சளாகப் படிவதை நாம் பார்க்காததா? அதில்தான் துவைக்கிறோம். ஆக, க்ரீம் பாதி, தண்ணீர் பாதி. ப்ளீச்சிங் போட்டது என் தப்பு, எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுத் தேய்த்த பிறகுதான் கறை கொஞ்சம் மங்கியது.

சரி, அந்த அவோபென்சோனை எதற்கு க்ரீமில் சேர்க்கிறார்கள்? வெயிலில் யூவிஏ, யூவிபி என்று இரண்டு கதிர் நம் தோலுக்கு வருகிறது. தோலைச் சுட்டுச் சிவக்க வைப்பது பெரும்பாலும் யூவிபி. யூவிஏ இன்னும் ஆழமாக உள்ளே போய்க் கருக்க வைக்கும், மங்கு வரவும் ஒரு காரணம், மேகமூட்டத்திலும் விடாது. அந்த யூவிஏவை நன்றாக உறிஞ்சுகிற சில பொருட்களில் அவோபென்சோன் ஒன்று. டியூபில் போட்டிருக்கிற எஸ்பிஎஃப் என்ற காப்பு எண் முக்கியமாக யூவிபிக்கானது, யூவிஏவுக்கு பிஏ என்று போட்டுப் பக்கத்தில் எத்தனை பிளஸ் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் கறுத்த தோலுக்கு இயற்கையாகவே கொஞ்சம் காப்பு உண்டு, வெள்ளைக்காரர்கள் அளவுக்குத் தோல் புற்றுநோய் பயம் இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவோபென்சோனில் குறையும் இருக்கிறது. வெயிலைத் தடுக்க வந்ததே வெயிலில் சிதைந்துபோகும். அதனால் அதைத் தாங்கிப்பிடிக்க ஆக்டோகிரிலீன் மாதிரி இன்னொன்றைச் சேர்ப்பார்கள். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும் சார், முட்டிவலிக்குப் பிள்ளைகளுக்குத் தடவிவிடுகிறீர்களே, அந்த ஜெல்லில் கீட்டோப்ரோஃபென் என்ற வலிமருந்து இருந்தால் வெயில் பட்டுத் தோல் வெந்ததுபோல அலர்ஜி வரலாம், அப்படி ஒருமுறை வந்தவர்களுக்கு ஆக்டோகிரிலீனும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தடை போடுவதென்றால் முதலில் வெயிலில் அந்த ஜெல்லுக்குப் போடுங்கள்.

கெமிக்கல் ரத்தத்தில் கலக்கிறது என்று ஃபார்வர்டும் போட்டிருந்தீர்கள். அது முழுப்பொய் இல்லை. 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 24 பேருக்கு உடம்பில் முக்கால்வாசி இடத்தில் ஒரு நாளைக்கு 4 முறை என்று 4 நாள் தடவிப் பார்த்தது, அவோபென்சோன் ரத்தத்தில் வந்தது, மேற்கொண்டு சோதிக்காமல் விடலாம் என்று அவர்கள் வைத்திருந்த, ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் என்ற அளவையும் தாண்டியது. ஆனால் அதனால் கெடுதல் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, தடவுவதை நிறுத்தாதீர்கள் என்றுதான் எஃப்டிஏ சொன்னது. நம் பிள்ளைகள் தடவுவதோ முகம், கழுத்து, கை. இதற்கும் மனசு கேட்காவிட்டால் துத்தநாக ஆக்சைடு க்ரீம் இருக்கிறது, ஆனால் முகம் திருநீறு பூசினாற்போல வெளுத்துத் தெரியும், பெண்பிள்ளைகள் இரண்டாம் நாளே தொடமாட்டார்கள்.

அதனால் தடையை எடுத்துவிடுங்கள். ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் தடவட்டும், 2 மணி நேரம் தாண்டினாலோ வியர்வையைத் துடைத்தாலோ மறுபடி தடவட்டும், தடவியது காய்ந்த பிறகு ஜெர்சி போடட்டும். அப்புறம் ஏப்ரல், மே மாதத்தில் மத்தியானம் 3 மணிக்குப் பயிற்சி வைப்பதை ஐந்துக்குத் தள்ளுங்கள் சார், எந்த க்ரீமும் அந்த வெயிலுக்குப் பதில் சொல்லாது. சனிக்கிழமை எலுமிச்சை போட்ட ஜெர்சியைக் கொண்டுவருகிறேன், நீங்களே பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லெஃப்ட் விங் பெண்ணின் அம்மா