பழைய சிரிப்பை மீட்டெடுக்க எண்ணுவோருக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைத் தமிழ்த் தொலைக்காட்சி அலைவரிசைகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும், நகைச்சுவைத் தொடர்களை எழுதித் தயாரிப்போருக்கும்,

வணக்கம்.

பழைய நகைச்சுவைத் தொடர்களை மீண்டும் எடுத்தால் என்ன என்ற பேச்சு நேயர்கள் நாலு பேர் கூடுமிடத்தில் தவறாமல் எழுகிறது. மட்டக்களப்பிலும் சரி, அம்பாறைக் கரையோரத்திலும் சரி, வயதானவர்கள் இருக்கும் சபையில் முதலில் வரும் பெயர் பெரும்பாலும் இலங்கை வானொலியில் எஸ். ராமதாஸ் எழுதி நடித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்பதாகவே இருக்கும். அத்தகைய முயற்சியில் நீங்கள் என்றாவது இறங்குவீர்களானால் நேயர்கள் அதை எப்படி எதிர்கொள்வார்கள் என்பதைப் படப்பிடிப்பு முடிந்த பிறகு சொல்வதிலும் பார்க்க முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

அந்தத் தொடரைக் கேட்டிராத தலைமுறைக்காக ஒரு சிறு விளக்கம். மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று நான்கு பேர். முஸ்லிம்களின் பேச்சில் மரிக்காராக வந்தவர் ராமதாஸ். பிராமணப் பேச்சில் ஐயராக வந்தவர் பி. எச். அப்துல் ஹமீட், யாழ்ப்பாணப் பேச்சில் அப்புக்குட்டியாக ராஜகோபாலும், சிங்களவர் பேசும் தமிழில் உபாலியாகச் செல்வசேகரனும் வந்தார்கள். இந்துவான ராமதாஸ் மரிக்காராகவும், முஸ்லிமான ஹமீட் ஐயராகவும் பேசுவதைக் கேட்டு நாடே சிரித்தது. எவரும் முறைப்பாடு எழுதியதாக நினைவில்லை. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. தொலைக்காட்சி இந்நாட்டுக்கு வந்தது 1979இல். ரூபவாஹினி தொடங்கியது 1982இல். அதற்கு அடுத்த ஆண்டு, 1983 ஆடிக் கலவரத்தில், என்ன நடந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த நால்வரும் வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்குக் குடிபெயர்ந்திருக்க வேண்டிய காலத்தில் நம்மவர் பலர் நாட்டை விட்டே குடிபெயர்ந்தார்கள். சிங்கள நேயர்களுக்கு 1987இல் சுயாதீனத் தொலைக்காட்சியில் ‘கோப்பிக் கடே’ தொடங்கிப் பல தசாப்தங்கள் ஓடியது. அந்தக் கடையில் வந்து குந்தும் பாத்திரங்கள் நேயர்களோடு சேர்ந்தே நரைத்தன. அதனால் அதை ‘மீட்டெடுக்கும்’ தேவை நெடுங்காலம் எழவில்லை. நமக்கு இருப்பதோ இடையில் அறுந்த கயிறு.

பிற நாடுகளில் இத்தகைய முயற்சிகளுக்குக் கிடைத்த வரவேற்பைச் சற்று நிதானமாகப் பார்க்கும்படி உங்களை வேண்டுகிறேன். அமெரிக்காவில் 1988 முதல் 1997 வரை ஓடிய ‘ரோசான்’ தொடரின் கடைசி அத்தியாயத்தில் கணவன் டான் முன்னரே இறந்துவிட்டான் என்று சொல்லி முடித்திருந்தார்கள். 2018 மார்ச் 27ஆம் திகதி அதே குடும்பம் அதே சாய்மனையோடு திரும்பி வந்தபோது, முகத்தில் சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு படுத்திருந்த டானைப் பார்த்து மனைவி, நீ செத்துப்போய்விட்டாய் என்றல்லவா நினைத்தேன் என்கிறாள். பழைய முடிவை அந்த ஒரு பகிடியோடு கடந்துவிட்டார்கள்; நேயர்களும் முணுமுணுக்கவில்லை. முதல் இரவே 1 கோடி 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஆனால் அவர்களை ஈர்த்தது செத்தவன் எழுந்து வந்த வேடிக்கை மட்டுமல்ல. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அந்நாட்டு வீடுகளுக்குள் விழுந்திருந்த அரசியல் பிளவு அந்த வீட்டுக்குள்ளும் விழுந்திருந்தது. அக்காளும் தங்கையும் தேர்தலின் பின் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். குடும்பத்துக்கு வயதேறியிருந்தது என்பதே விடயம். இரண்டே மாதங்களில் கதாநாயகி வெளியிட்ட ஓர் இனவாதக் கருத்தினால் தொடர் நிறுத்தப்பட்டது. அவர் இல்லாமலே அதே குடும்பம் வேறு பெயரில் அந்த ஆண்டு ஒக்டோபரில் திரும்பி வந்து 2025 வரை ஓடியது.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. 1993 முதல் 2004 வரை 264 அத்தியாயங்கள் ஓடிய அமெரிக்கத் தொடரான ‘ஃபிரேசியர்’ 2023இல் திரும்பியபோது, தந்தையாக நடித்தவர் காலமாகியிருந்தார், தம்பியாக நடித்தவர் வரவில்லை. கதாநாயகன் வேறு ஊரில், பெரும்பாலும் புதிய முகங்களுக்கு நடுவே நின்றார். நன்றாக எழுதப்பட்ட இடங்கள் அதில் இருந்தன. ஆயினும் இரண்டு பருவங்களோடு நின்றுபோனது. கம்பளையில் பிறந்த அல்பேட் மோசஸ் சீக்கியராக நடித்துப் புகழ்பெற்ற, வெளிநாட்டவர் ஆங்கிலம் படிக்கும் வகுப்பறையைக் காட்டிய பிரிட்டிஷ் தொடரான ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ 1979இல் நிறுத்தப்பட்டு, 1986இல் பழையவர்கள் சிலரோடு மட்டும் மீண்டும் வந்தது. ஒவ்வொரு நாட்டவரையும் ஒவ்வொரு கேலிச்சித்திரமாக்கும் அதே வகுப்பறை, அதே விதமான பிழைகள். ஒரு பருவத்துக்கு மேல் அதனால் நடக்க முடியவில்லை. தமிழில் பார்த்தால், நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ 2022இல் இணையவழித் தளத்தில் திரும்பியபோது முதற்பருவத்தின் ராம்ஜியும் வாசுகியும் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெற்றோராக வந்தார்கள். கணவன் மனைவிச் சண்டை என்ற பழைய கருவை வைத்துக்கொண்டே அதற்கு வயதைக் கூட்டியது சரியான முடிவு என்பது என் எண்ணம்.

நம்முடைய விடயத்துக்கு வருகிறேன். களுவாஞ்சிகுடியில் என் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். அந்த நால்வரின் குரல்களையும் அவர் தனியொருவராகவே பேசுவார். கலியாண வீட்டில் சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டம் வந்தால், யாராவது ஒரு பெறாமகன் கேட்பான், பெரியப்பா தொடங்குவார். காத்தான்குடியிலிருந்து வரும் புடவை வியாபாரியான அவருடைய பழைய கூட்டாளி பக்கத்தில் இருந்தால், மரிக்காரின் பேச்சு வரும் இடத்தில், “அப்படி இல்ல, இப்படி” என்று திருத்திக்கொடுப்பார். நான் சிறுவனாக இருந்த காலத்தில் அந்தத் திருத்தமே தனியொரு பகிடியாக இருந்தது. இப்போதும் பெரியப்பா பேசுகிறார், இப்போதும் கூட்டாளி வருகிறார். ஆனால் மரிக்காரின் முறை வரும்போது பெரியப்பா முதலில் கூட்டாளியின் முகத்தை ஒரு தடவை பார்க்கிறார். பார்த்துவிட்டு, சில நேரங்களில் அந்தப் பகுதியைத் தாண்டி உபாலிக்குப் போய்விடுகிறார். கூட்டாளியும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

நீங்கள் மீட்டெடுக்கப்போகும் தொடரின் முதல் அத்தியாயம் அந்தப் பார்வையில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். 1990ஆம் ஆண்டின் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை, அதே ஆண்டில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது, கிழக்கின் தமிழ்க் கிராமங்கள் கண்ட சாவுகளும் காணாமற்போனவர்களும், 2004இன் கடல், 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு: இவையெல்லாம் நடந்த நாட்டில் இருந்துகொண்டு, அப்புக்குட்டியும் மரிக்காரும் நேற்றுத்தான் பிரிந்து இன்று சந்தித்தவர்களைப் போலப் பகிடி விட்டால், நேயர்கள் முதல் வாரம் பழக்கத்தில் சிரிப்பார்கள், இரண்டாம் வாரம் அலைவரிசையை மாற்றிவிடுவார்கள். அதற்காக நல்லிணக்கப் பிரசங்கம் எழுதவும் வேண்டாம். அரசசார்பற்ற நிறுவனங்களின் செலவில் கைகோத்து நிற்கும் தமிழரையும் முஸ்லிமையும் சுவரொட்டிகளில் போதுமான அளவு பார்த்துவிட்டோம். நால்வரையும் கிழவர்களாக்குங்கள். ஒருவர் டொரொண்டோவில் மகனின் நிலவறை வீட்டிலிருந்து வந்திருக்கட்டும். ஒருவரை ஒருவர் சந்தேகிக்கட்டும். சந்தேகித்துக்கொண்டே கடன் கேட்கட்டும். கல்முனையில் ஒரு பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவதா இல்லையா என்று இரு சமூகத்தவரும் ஆண்டுக்கணக்காக முரண்பட்டு நிற்கிறார்களே, அந்தச் சண்டைக்கு நடுவே ஒரு பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்க அலையும் கிழவனைக் காட்டுங்கள். இதை வைத்து எப்படிச் சிரிப்பது என்று கேட்பவர் எவரும் அங்கே படிவம் நிரப்ப வரிசையில் நின்றவராக இருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. அந்த நால்வருள் மட்டக்களப்பான் எவனும் இருக்கவில்லை. அன்று அதை நாங்கள் ஒரு குறையாக எடுக்கவில்லை. இன்றைய நேயர்கள் எடுப்பார்கள். ஆனால் ஐந்தாவதாக ஒருவனைச் சேர்த்து, அவன் கையில் தயிர்ச்சட்டியைக் கொடுத்து, வந்தவனைப் பாயோடு ஒட்டவைக்கும் மந்திரக்காரனாக்கிவிட்டு, கிழக்குக்கும் இடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பகிடியைக் கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துவிட்டது. பேச்சுவழக்கை வைத்துச் சிரிக்கவைப்பதில் தவறில்லை; ராமதாஸ் அதைத்தான் செய்தார். அவருடைய மரிக்கார் பேச்சினால் மட்டும் சிரிப்பை வாங்கவில்லை, அவருக்கென்று ஒரு தந்திரமும் ஒரு பயமும் இருந்தன. எங்கள் ஆளுக்கும் அவற்றைக் கொடுங்கள். அதற்கு எழுத்தாளர் மேசையில் கிழக்கைச் சேர்ந்த தமிழரும் முஸ்லிமும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். எழுதி முடித்த பின் பேச்சைத் திருத்திக்கொடுக்க ஒருவரைக் கூப்பிடுவது வேறு.

பழையதை மீண்டும் மேடையேற்றினால் என்ன நடக்கும் என்பது மட்டக்களப்பாருக்குப் புதிதான கேள்வியும் அல்ல. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் எங்கள் வடமோடிக் கூத்தை விடிய விடிய ஆடும் களரியிலிருந்து சில மணி நேர மேடைக்குக் கொண்டுபோனார். ‘இராவணேசன்’ ஆட்டத்தில் அன்று ஆடிய மாணவரான பேராசிரியர் சி. மௌனகுரு பிற்காலத்தில் அதை மட்டக்களப்பில் புதிதாக நெறிப்படுத்தினார். அதே ஊரில், கூத்தை மேடைக்குக் கொண்டுபோவதை விட, ஆடும் கிராமத்தாரே தங்கள் களரியில் வைத்துக் கதையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ‘மீளுருவாக்க’த்தைத் தொடங்கினார். எது சரி என்று இன்றும் இங்கே தர்க்கம் நடக்கிறது. இத்தனைக்கும் நடுவில் களரியின் ஓரத்தில் குந்தியிருக்கும் கிழவர், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஆட்டக்காரனின் கால் தப்பினால் வாய்விட்டுச் சொல்லிவிடுவார். கதை மாறியதற்கு அவர் கோபிப்பதில்லை, தாளம் தப்பியதற்கே கோபிப்பார். உங்கள் நேயர்களும் அப்படிப்பட்டவர்கள்தான்.

ஆகவே, முதல் வாரத்தில் வரும் எதிர்வினைகளை அளவுக்கு மீறிப் பெரிதாக எடுக்காதீர்கள். அது போல வராது என்று சினப்போர் எதை எடுத்தாலும் சினப்பார்கள். கண்ணீர் வந்துவிட்டது என்று புலம்பெயர்ந்த நாட்டிலிருந்து எழுதுவோருக்குத் தாங்கள் விமானம் ஏறிய ஆண்டோடு ஊர் நின்றுவிட்டது. அவர்களுடைய அன்பு உண்மையானது, ஆனால் அவர்களுக்காகவே தொடரை எழுதினால் அது 1983க்கு இந்தப் பக்கம் வராது. விளம்பரக்காரர்கள் அவர்களைத்தான் உங்களுக்குக் காட்டுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான்காம் ஐந்தாம் வாரத்தில் ஒரு சொல்லும் எழுதாமல் விலகிப்போகும் அக்கரைப்பற்று, வாழைச்சேனை, ஓட்டமாவடி வீடுகளைக் கணக்கெடுங்கள்.

புதிதாக எடுக்கும் முன், கைவசமுள்ள பழைய ஒலிப்பதிவுகளைத் தேடி எண்மப்படுத்தி ஒலிபரப்புங்கள். பிரிட்டனில் ஒலிநாடாக்களும் ஒளிநாடாக்களும் விலை கூடியவையாக இருந்த காலத்தில் பழையவற்றை அழித்து மேலே புதியவற்றைப் பதிந்தார்கள். அதில் ‘டாட்ஸ் ஆர்மி’ நகைச்சுவைத் தொடரின் மூன்று அத்தியாயங்களின் ஒளிப்பதிவு தொலைந்துபோனது. 2019இல் எழுத்துப் பிரதிகளை வைத்து, வேறு நடிகர்களைக் கொண்டு, அந்த மூன்றையும் மீண்டும் எடுத்தார்கள். தொடர்ச்சியென்று பாசாங்கு செய்யாமல், தொலைந்ததைத் திருப்பி நடிக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்ன நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ராமதாஸ் இன்று நம்மோடு இல்லை. அவர் பாத்திரத்தில் இன்னொருவரை நிறுத்துவதாயின், நீங்கள் செய்வது பழையதன் தொடர்ச்சியா, தொலைந்ததைத் திருப்பி நடிப்பதா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, நடைமுறையான ஒரு வேண்டுகோள். முதல் மூன்று அத்தியாயங்களின் எழுத்துப் பிரதியைக் கொழும்புக் கலையகத்துக்குக் கொண்டுபோகும் முன் கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு மண்டபத்தில், தமிழரும் முஸ்லிம்களும் கலந்திருக்கும் சபையில், நடிகர்களைக் கொண்டு சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பின்வரிசையில் ஒருவரைக் குறிப்பேட்டோடு இருத்தி, சபை எங்கே சிரித்தது, எங்கே ஒரு பக்கம் மட்டும் சிரித்தது, எங்கே பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மண்டபத்துக்கும் தேநீருக்கும் ஆகும் செலவை ஊரவர்கள் பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு நேயர்