காது அடைப்பானைக் கழற்றாதே, மகளே

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிறன்று நீ தொலைபேசியில் சொன்னதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. ஓசூரில் உன்னை, தகடுகளை எந்திரத்தால் அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பின் ஷிப்டுக்குப் பொறுப்பாக மாற்றியிருப்பதையும், ஆட்கள் கூப்பிடுவது கேட்க வேண்டும் என்று நீ அடிக்கடி இயர் பிளக்கைக் கழற்றிவிடுவதையும் அம்மாதான் பிறகு எடுத்துச் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

பள்ளிபாளையத்தில் 32 வருடம் விசைத்தறி ஓட்டினேன். ஆரம்பத்தில் ஷிப்ட் முடிந்து வந்தால் காது இரையும், பஞ்சு அடைத்தாற்போல் இருக்கும், விடிந்ததும் சரியாகிவிடும். சரியாகிவிட்டது என்றே நம்பினேன். உட்காதில் நத்தைக்கூடு போன்ற பகுதியிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்பதைச் செவித்திறன் பரிசோதனையில்தான் அறிந்தேன். என் பரிசோதனைத் தாளில் கோடு, கூர்மையான ஒலிகளுக்குரிய 4000 ஹெர்ட்ஸில் பள்ளமாக இறங்கியிருந்தது. கூர்மையான ஒலிகள் முதலில் போவதால், பக்கத்து வீட்டுக்காரர் கனத்த குரலில் பேசுவது ஓரளவு புரிகிறது. உன் மெல்லிய குரல் புரிவதில்லை.

கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று கொள். அதற்குமேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் தாங்கத்தக்க நேரம் பாதியாகும்: 85இல் 8 மணி நேரம் என்றால் 88இல் 4, 91இல் 2. நீ செய்யும் தவறும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானை 8 மணி நேர ஷிப்டில் அரைமணி மட்டும் கழற்றினாலும், அன்றைக்கு அது தரும் காப்பு சுமார் 12 டெசிபலுக்கு இறங்கிவிடும். கூப்பிடுவதற்குக் கைச்சைகையோ விளக்கோ ஏற்பாடு செய். ஃபோம் அடைப்பானை உருட்டி மெல்லிதாக்கி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலால் பிடித்திரு. வெறும் பஞ்சு உதவாது. நாங்கள் அதைத்தான் வைத்தோம்.

ஆனால் அடைப்பானோடு உன் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. துண்டுகள் விழும் தகரத் தட்டில் ரப்பர் விரிக்கச் சொல், காற்று ஊதும் குழாய்க்குச் சத்தம் குறைந்த முனை கேள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாக இருந்தது; 2025இல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் இருக்கிறது. நிர்வாகத்திடம் தயங்காமல் பேசலாம். நீயும் உன் ஆட்களும் இரவு ஓய்வுக்குப் பிறகு, ஷிப்டுக்கு முன்பே செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு வீடியோவில் கூப்பிடு. உதடு தெரிந்தால் நீ சொல்வதைப் பிடித்துக்கொள்வேன்.

அன்புடன்,
அப்பா