பெரியாச்சியின் கல்

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ மட்டும் மாரியோடு வந்து சேர்ந்திருக்கிறது.

நீ குடியேறிய ஊரின் நினைவு மண்டபம் என்று அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போருக்குப் போன அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும், முதலில் வந்து காடு வெட்டிய குடிகளுக்கும் சேர்த்து ஒரே மண்டபம். வாசல் சுவரில் பெயர்கள், உள்ளே பட்மின்டன் கோடுகள், அடுக்கிவைத்த கதிரைகள். மூத்தவளின் பிறந்தநாளை அங்கே வைக்கலாமா, செத்தவர்களின் இடமல்லவா என்று கேட்டிருக்கிறாய்.

தாராளமாக வை.

நம் ஒழுங்கை பெரிய தெருவில் ஏறும் இடத்தில் ஒரு சுமைதாங்கி நின்றது. நீ கண்டிருக்க மாட்டாய். நட்ட இரண்டு கற்கள், மேலே குறுக்காக ஒரு கல், தோளுயரம். கடகத்தைத் தலையில் வைத்துச் சுன்னாகம் சந்தைக்கு நடக்கிற பெண்கள், இறக்கிவிட ஆள் தேடாமல் அதில் சாய்த்து வைத்து மூச்சு வாங்குவார்கள். என் அப்பாச்சியின் அக்கா, எங்களுக்குப் பெரியாச்சி, முதல் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துப்போனார். அவர் நினைவாக நட்ட கல் அது. இறக்காத சுமையோடு போனவளுக்கு, ஊராரின் சுமையை இறக்கிக் கொடுத்தால் ஆறும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. பக்கத்திலேயே மாடுகள் உடம்பைத் தேய்க்க ஆவுரஞ்சிக் கல்லும் இருந்தது. பருத்தித்துறையில் தெருமூடிமடத்தைப் பார்த்திருக்கிறாய்தானே? தெருவுக்கு மேலேயே கூரை போட்டு, இரண்டு பக்கமும் திண்ணை கட்டி, போகிற வருகிறவனுக்கெல்லாம் நிழல் கொடுத்தார்கள். அந்த வழக்கத்தில் வந்த நமக்கு உன்னுடைய மண்டபம் புதிதல்ல.

கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்த காலத்தில் ஆண்டுக் கூட்டங்களுக்கு யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்துக்குப் போவேன். கூட்டுறவுக்காக உழைத்த மனிதரின் பெயர் அது. அவருக்குச் சிலை வைத்திருந்தால் காகம்தான் இருந்திருக்கும். மண்டபமானதால் நாடகமும் நூல் வெளியீடும் வாக்குவாதமும் நடந்தன. அதன் முன்னால்தான் 1974 ஜனவரி 10ஆம் திகதி, நான்காவது தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசிக் கூட்டத்தில் மின்கம்பி அறுந்து விழுந்து சனம் செத்தது. அவர்களுக்கான தூண்கள் அருகில் நிற்கின்றன. மண்டபத்துக்கு வருகிறவர்கள் தூண்களைக் கடந்துதான் வருகிறார்கள், நாடகம் பார்க்கத்தான் வருகிறார்கள். அதை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை.

ஆனால் ஒன்று. பெரியாச்சியின் கல்லில் யாரும் பெயர் வெட்டவில்லை. வெட்டாமலே தெரியும் என்று நினைத்திருப்பார்கள். வீதி அகலித்தபோது கல்லைப் புரட்டினார்கள். குறுக்குக் கல் இப்போது பக்கத்து வளவுக் கிணற்றடியில் துணி தோய்க்கக் கிடக்கிறது. அதற்கு நான் வருந்தவில்லை, அங்கேயும் அது வேலை செய்கிறது. பெரியாச்சியின் சொந்தப் பெயர் என்னவென்று எனக்கே தெரியாமல் போனதுதான் உறுத்துகிறது. கேட்டிருக்கலாம். அப்பாச்சி இருந்தபோது கேட்கவில்லை.

ஆகவே கேக் வெட்டுவதற்கு முன், பிள்ளைகளை அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்து. ஒரு பத்துப் பெயரையாவது சத்தமாக வாசிக்கட்டும். உச்சரிப்புப் பிழைத்தால் பரவாயில்லை, நம் பெயர்களை அந்த ஊர்க்காரர் படுத்தும் பாட்டுக்கு அது ஈடு. காடு வெட்டியவர்களுக்கு முன்பே அந்தக் காட்டில் குடியிருந்தவர்களுக்கும் எங்காவது ஒரு வரி எழுதியிருக்கிறதா என்றும் பார். இல்லாவிட்டால், அங்கே பிந்திக் குடியேறியவள் என்ற முறையில் நீயாவது பிள்ளைகளுக்குச் சொல்லிவை.

பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் பொதி செய்தாயிற்று. அடுத்த கிழமை ஒருவர் வருகிறார், கொடுத்துவிடுகிறேன். மருமகனிடம் கேட்டதாகச் சொல்.

மண்டபத்துக்கு வாடகை எவ்வளவு என்று எழுது. கணக்குப் பார்த்த கை, கேட்காமல் இருக்க முடியவில்லை.

அன்புடன்,
அப்பா