பால் பைப் பாய்

ஸ்காபரோ,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். அத்தானின் கால்வலி இப்போது எப்படி இருக்கிறது? வளவில் நின்ற மழைத் தண்ணீர் வற்றிவிட்டதா?

போன கிழமை வீடியோவில் கதைத்தபோது எனக்குப் பின்னால் குவிந்து கிடந்த பிளாஸ்டிக் பைகளைப் பார்த்துவிட்டு, "என்னடி, குப்பையெல்லாம் வீட்டுக்குள் சேர்த்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்டீர்கள். நான் வாய் திறக்க முன்னமே லைன் வெட்டுப்பட்டுவிட்டது. போனில் அவசரப்பட்டுச் சொல்கிற கதையும் இல்லை அது. இன்று இவருக்கு வேலை, மகள் படிக்கிறாள், வெளியே பனி கொட்டுகிறது. ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் பால் பையிலும் வரும். 4 லீற்றர் பால் வாங்கினால் ஒரு பெரிய பைக்குள் மூன்று சின்னப் பைகள் இருக்கும். சின்னப் பை ஒன்றை ஜாடிக்குள் நிறுத்தி, மூலையைக் கத்தரியால் வெட்டிவிட்டு ஊற்றுவோம். அந்த வெளிப்பை மெல்லியதுதான், ஆனால் இலேசில் கிழியாது. பல வீடுகளில் அதை எறிந்துவிடுகிறார்கள். நாங்கள் அதை வளையம் வளையமாக வெட்டி, ஒன்றோடொன்று கொழுவி, நீள நூலாக்கி, கொக்கி ஊசியால் பாய் பின்னுகிறோம். வீடில்லாமல் தெருவில் படுக்கிறவர்களுக்கு.

கனடாவில் தெருவில் படுக்கிறார்களா என்று கேட்பீர்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் கேட்டேன். முதல் குளிர்காலத்தில் எனக்கு இரவு வேலை. வேலை முடிந்து விடியப்புறம் மூன்று மணிக்கு பஸ் ஏறுவேன். பின் இருக்கையில் எப்போதும் ஒரு வயதான மனிதர் இருப்பார். இரண்டு ஜாக்கெட், மடியில் ஒரு பை. கடைசித் தரிப்பிடத்தில் இறங்குவார், திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறுவார். அவருக்கும் இரவு வேலை போல என்றுதான் பல நாள் நினைத்திருந்தேன். அந்த பஸ்தான் அவருக்கு வீடு என்று கூட வேலை செய்த பிலிப்பீன்ஸ் பெண் சொல்லித்தான் விளங்கியது. ஒரு நாள் என் தேத்தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். அவர் கையில் கையுறை இல்லை. விரல் நுனிகள் எல்லாம் வெடித்து, மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அந்த விரல்களை என்னால் மறக்க முடியவில்லை.

இங்கே குளிர் என்றால் ஊரில் மார்கழிப் பனிக்கு நாங்கள் தலையில் துவாய் கட்டுவோமே, அது மாதிரி இல்லை. காற்றும் சேர்ந்து மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துவிடும் என்று வானொலியில் எச்சரிப்பார்கள். அந்தக் குளிரில் வீடில்லாதவர்கள் இந்த ரொறன்ரோ நகரத்தில் எத்தனை பேர் தெரியுமா? 2021இல் நகரசபை எடுத்த கணக்கில் 7,000க்குச் சற்று மேல். 2024 ஒக்டோபரில் 15,000ஐத் தாண்டிவிட்டது. இதில் பெரும்பாலானோர் இரவு தங்குமிடங்களில் இருக்கிறார்கள். அங்கும் இடம் கிடைக்காதவர்கள் பூங்காவில் கூடாரம் அடித்தும், சுரங்க ரயிலின் சூடான காற்று வருகிற இரும்புத் தட்டிகளின் மேலும் படுக்கிறார்கள். ஒரு அறை உள்ள வீட்டுக்கு மாத வாடகை 2,000 டொலருக்கு மேல் போனால் வேறு என்ன நடக்கும்?

2023 ஆடி மாதம் நடந்ததைக் கேளுங்கள். ஆபிரிக்க நாடுகளில் இருந்து அகதி அந்தஸ்துக் கோரி வந்த ஏராளமானோருக்குத் தங்குமிடத்தில் இடமில்லை என்று சொல்லி, நகர மத்தியில் பீட்டர் தெரு நடைபாதையிலேயே நாட்கணக்கில் படுக்க விட்டுவிட்டார்கள். கடைசியில் கறுப்பின மக்களின் தேவாலயங்கள்தான் அவர்களை உள்ளே எடுத்தன. ரீவியில் அதைப் பார்த்த இரவு இவர் சாப்பிடவில்லை. நாங்களும் அதே மாதிரித்தானே வந்து இறங்கினோம். எங்களுக்கு ஸ்காபரோவில் மாமி வீட்டு பேஸ்மென்ட் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கு அடுத்த மாதம்தான் எங்கள் நூலகத்தில் வியாழக்கிழமைகளில் கூடுகிற பின்னல் குழுவில் சேர்ந்தேன். பன்னிரண்டு பேர். இத்தாலியப் பாட்டி ஒருவர், சீனாவிலிருந்து வந்த இருவர், ஜமேக்காக்காரி, குஜராத்திப் பெண், இப்போது எங்கள் ஆட்கள் மூன்று பேர். எல்லோருக்கும் ஒரே அளவு ஆங்கிலம் வராது. ஆனால் ஒருவர் தையலை விட்டுவிட்டால் அடுத்தவர் கையை நீட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார், கதை தேவையில்லை. அம்மா எங்களுக்கு லேஸ் பின்னப் பழக்கியது எவ்வளவு உதவுகிறது தெரியுமா? ரேடியோப் பெட்டிக்கு மேலே விரிக்கப் பின்னினோமே, அதே கைப்பழக்கம்தான். ஊசி மட்டும் தடிப்பு.

முதலில் நான் பின்னியது ஒரு தொப்பி. நல்ல விலை கொடுத்து அசல் கம்பளி நூல் வாங்கினேன், பால் நிறம். வடிவாக வந்தது. தங்குமிடத்தில் வேலை செய்கிற பெண்ணிடம் கொடுத்தபோது அவர் நன்றி சொல்லி வாங்கிவிட்டு, பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். அங்கே மூட்டைப்பூச்சிக்காக எல்லா உடுப்பையும் கடும் சூட்டில் போட்டு உலர்த்துவார்களாம். அசல் கம்பளி அந்தச் சூட்டில் சுருங்கி, குழந்தைத் தொப்பி ஆகிவிடும். வெளிர் நிறத்தில் ஊத்தை ஒரே நாளில் தெரியும். ஊத்தையான தொப்பியோடு வேலை தேடிப் போனால் யார் உள்ளே விடுவார்கள்? எனக்குப் பிடித்ததைத்தான் நான் பின்னியிருக்கிறேன். போடப் போகிறவரை நினைத்துப் பார்க்கவே இல்லை.

இப்போது அக்ரிலிக் நூல்தான். கறுப்பு, கருநீலம், மரநிறம். 100 கிராம் பந்து ஒன்றில் ஒரு பெரிய ஆண் தொப்பி வந்துவிடும். 5 மில்லிமீற்றர் ஊசியில் 80, 84 தையல் ஏற்றி, இரண்டு நேர்த்தையல், இரண்டு மறுதையல் என்று சுற்றிச் சுற்றிப் போட்டால் ரப்பர் போல இழுபடும், எந்தத் தலைக்கும் பொருந்தும். நீளமாகப் பின்னி விளிம்பை மடித்துவிட்டால் காது இரண்டு மடிப்புக்குள் போய்விடும். கையுறையும் ஐந்து விரலும் தனித்தனியாக வைத்துப் பின்னுவதை விட, நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கிற மாதிரிப் பின்னுவதுதான் சூடு. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும்.

ஒரேயொரு விஷயத்தில் அக்ரிலிக் கூடாது. கூடாரத்துக்குள் மெழுகுதிரியோ சின்ன அடுப்போ வைத்திருப்பவர்களுக்கு அது ஆபத்து. நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குக் கொடுப்பதை மட்டும் கம்பளியில் பின்னி, தனிப் பையில் போட்டு, கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களிடம் சொல்லி அனுப்புகிறோம். கம்பளி நனைந்தாலும் சூட்டை விடாது என்பதும் அவர்களுக்கு நல்லது.

சில ஊர்களில் மஃப்ளர்களைத் தெருவோர மரங்களிலும் விளக்குக் கம்பங்களிலும் கட்டிவிடுகிறார்கள். "இது யாரும் தொலைத்தது இல்லை, குளிர்ந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு துண்டுக் காகிதமும் தொங்கும். யாரிடமும் கேட்கத் தேவையில்லை, யாரும் பார்த்துக்கொண்டு நிற்கவும் மாட்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. போன மாதம் நானும் மகளும் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நாலு கட்டினோம். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. மகள் துள்ளிக் குதித்தாள்.

சரி, பாய்க்கு வருகிறேன்.

தொப்பியும் மஃப்ளரும் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் இத்தாலியப் பாட்டி ஒரு சுருளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். ஆறடி நீளம், மூன்றடி அகலம், பால் பையில் பின்னிய பாய். கையை வைத்துப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. தண்ணீர் ஏறாது, கழுவினால் உடனே காயும், சுருட்டித் தோளில் கொழுவிக்கொண்டு நடக்கலாம். ஒரு பாய்க்கு 400, 500 பை வேண்டும். அப்போது பாட்டி சொன்னார், சீமெந்தில் படுக்கிறவருக்குப் போர்வையை விட இதுதான் முக்கியம், குளிர் கீழே இருந்துதான் ஏறும் என்று.

அக்கா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அது அம்மா சொன்னது!

உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 1995 ஐப்பசி 30, சண்டையால் யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்த நாள். கோண்டாவிலில் இருந்து வெளிக்கிட்டு, அந்த மழைக்குள்ளே, செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் சனத்தோடு சனமாக ஒரு அடி, இரண்டு அடி என்று நகர்ந்து, அடுத்த நாள்தான் சாவகச்சேரிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூட விறாந்தையில் ஈரச் சீமெந்து. நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தீர்கள். அம்மா எங்கேயோ போய், ஒரு ஓலைப் பாயோடு வந்தார். அந்த ஊர் ஆச்சி ஒருவர், தான் படுத்திருந்த பாயை எழும்பி உருவிக் கொடுத்தாராம். அம்மா தன் சேலையால் மேலே மூடவில்லை, பாயைக் கீழே விரித்தார். "மேலே கிடந்து என்ன செய்ய? குளிர் கீழே இருந்துதான் வரும்" என்றார். அந்த ஆச்சியின் பெயரை அம்மா கேட்கவில்லை. பிறகு எத்தனை தரம் அதைச் சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டார்.

இத்தாலியப் பாட்டி பாயை விரித்துக் காட்டிய அன்றிலிருந்துதான் வீட்டில் பை சேர்க்கிறேன். பக்கத்து வீடுகளில் கேட்டேன், தமிழ்க் கடையில் கேட்டேன். கடைசியில் கோயில் மடப்பள்ளியிலும் சொல்லி வைத்தேன். அபிஷேகத்துக்கும் பொங்கலுக்கும் எவ்வளவு பால் போகிறது! இந்தத் தைப்பொங்கலோடு மட்டும் மூன்று மூட்டை பை வந்தது. அதைத்தான் நீங்கள் வீடியோவில் பார்த்தீர்கள். இதுவரை இரண்டு பாய் முடித்துவிட்டேன். மூன்றாவது பாதியில் நிற்கிறது. ஒரு பாய் முடிய எனக்கு ஒன்றரை மாதம் எடுக்கிறது, வலக்கைப் பெருவிரல் நோகிறது, பரவாயில்லை.

இந்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை குழுவோடு நகர மத்திக்குப் போனேன். ஈட்டன் சென்டர் என்ற பெரிய கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் ஹோலி டிரினிட்டி என்று 1847இல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. அங்கே மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய் மதியம் 12 மணிக்கு, வீடில்லாமல் செத்துப்போனவர்களை நினைத்துக் கூடுகிறார்கள். அவர்களின் பெயர்கள் அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன, ஆயிரத்துக்கு மேல். புதிதாகச் சேர்ந்த பெயர்களை வாசிக்கிறார்கள். யார் என்று தெரியாத ஆண் என்றால் ஜோன் டோ, பெண் என்றால் ஜேன் டோ. அந்தப் பட்டியலில் ஜோன் டோ, ஜோன் டோ என்று எத்தனை தடவை வருகிறது! பெயர் தெரியாமலே போன எங்கள் ஆட்களை நினைத்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் வந்த அந்த மனிதரின் பெயரும் எனக்குத் தெரியாது. அவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா இல்லையா என்று பார்க்கக்கூட வழியில்லை.

தொப்பியும் பாயும் வீடாகாது, அது எங்களுக்கும் தெரியும். வீடு கட்டுவது அரசாங்கத்தின் வேலை, அதைச் செய்யச் சொல்லி எங்கள் குழுவில் ஒருவர் மாதம் தவறாமல் நகரசபைக்கு எழுதுகிறார், நாங்கள் எல்லோரும் கையெழுத்து வைக்கிறோம். அது நடக்கும் வரைக்கும் இன்று இரவு ஒருவர் படுக்க வேண்டுமே.

இங்கே ஒரு கன்னியாஸ்திரி இருந்தார், சூசன் மோரன். 1987இல் பள்ளி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, குளிர்கால இரவுகளில் தேவாலயக் கதவைத் திறந்துவிட்டு, சாப்பாடும் படுக்கையும் கொடுக்கத் தொடங்கினார். பிறகு யூத ஆலயங்களும் அதில் சேர்ந்தன. இந்தக் குளிரில் கதவைத் திறக்கச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை.

இனி நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். கொக்கி ஊசியால் பின்னுவது மெதுவாகத்தான் போகிறது. நான் யோசித்தேன், இந்தப் பையை விரலளவு பட்டியாக வெட்டி, பாய் இழைக்கிற பனஞ் சார்வோலை மாதிரி இழைத்தால் என்ன? எங்கள் ஆச்சி உங்களைத்தானே பக்கத்தில் இருத்தி இழைக்கப் பழக்கினார், நான் விளையாட ஓடிவிடுவேன். போன கிழமை முயன்று பார்த்தேன். நடுப்பகுதி சரியாக வருகிறது. விளிம்பில்தான் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடுகிறது, பிளாஸ்டிக்குக்கு ஓலையின் பிடிப்பு இல்லை. ஆச்சி விளிம்பை மடித்து உள்ளே செருகுவாரே, இரண்டு கண்ணுக்குள் செருகுவாரா, மூன்றுக்குள்ளா? மூலையில் எப்படித் திருப்புவார்?

வளவில் சார்வோலை வெட்டினால், ஒரு சின்னப் பாய் இழைத்து, விளிம்பு மடிக்கிற இடத்தை மட்டும் தம்பியிடம் சொல்லி போனில் எடுத்து அனுப்புங்கள். உங்கள் கை தெரிந்தால் போதும். மெதுவாகச் செய்யுங்கள், இங்கே வியாழக்கிழமை பன்னிரண்டு பேரும் பார்ப்பார்கள்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை